பாராவா, மார்கோஸா, கருடா? கண்மாய்க்கரையில் கேட்ட கேள்விக்கு என் பதில்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் காலை ஐந்து மணிக்கெல்லாம் இருபது பிள்ளைகளாவது ஓட வந்துவிடுகிறார்கள். பட்டாள ஆள் எடுப்புக்குத் தயாராகிறவர்கள். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். பீம், அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது, பத்து எடுத்தால் முழு மதிப்பெண். ஒன்பது அடிப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். நான் பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். அதனால் விசிலும் ஸ்டாப்வாட்சும் என் கையில் இருக்கின்றன.

போன மாதம் ஓட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது என் அக்கா மகன் கேட்டான். "மாமா, பாரா எஸ்எஃப், மார்கோஸ், கருட், மூணுல எது பெருசு?" மூன்றுமே சிறப்புப் படைகள். பாரா எஸ்எஃப் (ஸ்பெஷல் ஃபோர்சஸ்) ராணுவத்துடையது, மார்கோஸ் கடற்படையுடையது, கருட் விமானப்படையுடையது. அவனுடைய கூட்டாளி, எங்கள் ஊரிலேயே நன்றாக நீச்சல் தெரிந்த பையன், மெதுவாக இன்னொன்று கேட்டான். "எதுல சேர்றது சுலபம் மாமா?" இரண்டுமே சரியான கேள்வி இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். சரியான கேள்வி எது என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை என் அக்காதான் பிறகு சொன்னாள். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. போன வருடம் ஒரு பயிற்சி நிலையம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வீட்டில், "நேரடி கமாண்டோ கோட்டா" என்று சொல்லிப் பெரிய தொகை வாங்கிவிட்டது. ஊர் பேர் வேண்டாம். அப்படி ஒரு கோட்டா கிடையாது. அவன் அம்மா ஆட்டை விற்றுக் கொடுத்த பணம் அது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு படையைப் பற்றிக் கேட்டால், அது எந்த இக்கட்டில் பிறந்தது என்றுதான் முதலில் பார்ப்பேன். எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையின் சாயல் அதன் பயிற்சியில் கடைசிவரை இருக்கும். 1940-ல் ஐரோப்பாக் கரையை ஜெர்மனியிடம் இழந்த பிரிட்டன், கடல் தாண்டிப் போய் அடித்துவிட்டுத் திரும்பும் சிறு குழுக்களை உண்டாக்கியது. அப்படித்தான் கமாண்டோக்கள் வந்தார்கள். 1942-ல் ஸ்காட்லாந்தில் அக்னகாரி என்ற இடத்தில் அவர்களுக்குப் பயிற்சிக் கூடம் திறந்தார்கள். ரயிலை விட்டு இறங்கியதுமே மூட்டையைச் சுமந்து ஏழு மைல் நடந்துதான் உள்ளே போக வேண்டும். போகிற வழியில் வரிசையாகக் கல்லறைகள் இருக்கும். உள்ளே யாரும் கிடையாது. ஒவ்வொன்றின் மேலும், இவன் இன்ன தவறு செய்ததால் செத்தான் என்று எழுதியிருக்கும். வருகிறவன் பாடம் படிப்பதற்கு முன்பே பிழையைப் படித்துவிடுவான். நான் கேள்விப்பட்ட பயிற்சி முறைகளில் என் மனதை விட்டுப் போகாதது இதுதான்.

பிரிட்டனின் எஸ்ஏஎஸ் என்ற சிறப்புப் படையின் தொடக்கமும் அப்படித்தான். 1941 நவம்பரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், புயல் காற்றில் பாராசூட்டில் குதித்தது அதன் முதல் குழு. போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் விமானத்தை விட்டுவிட்டு, பாலைவன ரோந்துப் படையின் வண்டிகளில் ஏறிப் போனார்கள். எதிரியின் விமானங்களைத் தரையிலேயே அழித்தார்கள். இன்று பெரிதாகப் பேசப்படும் படை, தோல்வியில்தான் தன் வேலையைக் கற்றுக்கொண்டது.

இதெல்லாம் சீமைக் கதை என்று நினைக்க வேண்டாம். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு வழியாக எத்தனை பேர் தினமும் போகிறோம்? அந்தக் கான்சாகிப், கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கிய யூசுப்கான். 1758-ன் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்குள் அடைபடாமல் வெளியே நின்று, பிரெஞ்சுக்காரரின் பின்பக்கத்தையும் உணவு வழியையும் அடித்துக்கொண்டே இருந்தவர். பிறகு மதுரைக்கு ஆளுநரானார், கம்பெனிக்கு எதிராகத் திரும்பினார், 1764-ல் மதுரையிலேயே தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அடக்கம் இருக்கிறது. சிறு குழுவாகப் போய்ப் பெரிய படையைத் திணறடிக்கும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

பாரா: தரையில் நடக்கிறவனுக்கு

1941 அக்டோபரில் 50-வது இந்தியப் பாராசூட் பிரிகேடு உருவானது. பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் நம் தமிழர், டாக்டர் ஆற்காடு ரங்கராஜ். இந்தப் பெயரை நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். கொரியப் போருக்கு 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை அழைத்துக்கொண்டு போனவர் அவர். 1950 டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கியபோது, மருத்துவக் கருவிகளை அங்கேயே போட்டுவிட்டு வர அவருடைய ஆட்களுக்கு மனமில்லை. ஒரு பழைய நீராவி ரயில் என்ஜினைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பி, கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அடுத்த மார்ச்சில் அந்தப் பிரிவில் 12 பேர் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்து, போர்க்களத்திலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. உயர்படை என்றால் துப்பாக்கி மட்டும்தான் என்று நினைக்கிற பையனுக்கு இவரைத்தான் சொல்வேன்.

குதிப்பது வேறு, எஸ்எஃப் வேறு. எஸ்எஃப்பின் வேர் 1965 போரில் இருக்கிறது. மேஜர் மேக் சிங் விரும்பி வந்தவர்களை மட்டும் சேர்த்து 'மேக்தூத்' என்று ஒரு சிறு படை கட்டினார். எல்லைக்கு அப்பால் போய் அடித்துவிட்டு வந்தார்கள். அவருக்கு வீர் சக்ரா கிடைத்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் 1966-ல் 9 பாரா கமாண்டோ பட்டாலியன் எழுந்தது. மறு வருடம் அதைப் பிரித்து 10 பாரா உண்டானது. ஒன்று மலைக்கு, இன்னொன்று பாலைவனத்துக்கு. 1971 பாகிஸ்தான் போரில் இரண்டும் தங்கள் வேலையைக் காட்டின. 10 பாராவை நடத்தியவர் ஜெய்ப்பூர் மகாராஜா பவானி சிங். ஜீப்புகளில் பாலைவனத்தைக் கடந்து, எல்லைக்கு வெகு உள்ளே பாகிஸ்தானின் சாச்ரோ ஊரைப் பிடித்தார்கள். 9 பாராவின் ஆட்கள் டிசம்பர் குளிரில் பூஞ்ச் ஆற்றைக் கடந்து போய், மந்தோலில் இருந்த பாகிஸ்தானின் 122 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இரண்டிலும் கவனியுங்கள். சுடுவது கொஞ்ச நேரம்தான். மீதி எல்லாம் இரவு, தூரம், சுமை, வழி தவறாமல் போவது. அதனால்தான் பாரா எஸ்எஃப் ப்ரொபேஷன், அதாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும் சோதனைக் காலம், முழுக்க நடையாகவும் தூக்கமின்மையாகவும் இருக்கிறது. மூட்டையோடு தூரம் கூடிக்கொண்டே போகும். நடந்து முடித்த கையோடு வரைபடம் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். ஆக்ராவில் ஐந்து குதிப்பு முடித்தால் இறக்கை பேட்ஜ் கிடைக்கும், அதில் ஒன்று இரவில். மிசோரமில் வைரங்தே காட்டுப்போர்ப் பள்ளி, குல்மார்க்கில் பனிமலைப் பள்ளி என்று அப்புறமும் ஓயாது. மெரூன் தொப்பி பாராசூட் ரெஜிமென்டுக்கே பொது. 'பலிதான்' பேட்ஜ் எஸ்எஃப்புக்கு மட்டும்.

ஒன்றை மறைத்துவிட்டு இந்தப் படையைப் புகழ எனக்கு மனம் வராது. 1987 அக்டோபரில் இதே 10 பாராவும், ஒரு சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி பிளாட்டூனும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறங்கின. எதிரே இருந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தப் பிளாட்டூனில் ஒரே ஒருவர் தவிர எல்லோரும் இறந்தார்கள். இரண்டு பக்கமும் விழுந்த உடல்களை நினைத்தால், தமிழனாக எனக்கு அந்தக் கதை இன்றும் தொண்டையில் நிற்கிறது. எவ்வளவு கடினமான பயிற்சி பெற்றவனாக இருந்தாலும், தகவல் கசிந்த இடத்தில் இறக்கிவிட்டால் அவனும் மனிதன்தான். சேரப் போகிறவன் இதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

சேரும் வழி இரண்டு. பெங்களூரில் இருக்கும் பாராசூட் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்கு ஆள் எடுப்பிலேயே தேர்வாவது ஒன்று. வேறு ரெஜிமென்டில் சேர்ந்து, பிறகு விருப்பம் எழுதிக் கொடுத்துப் போவது இன்னொன்று. ஜெனரல் டூட்டி எனும் பொதுச் சிப்பாய் வேலைக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும், ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் வேண்டும்.

மார்கோஸ்: தண்ணீரில் பயப்படாதவனுக்கு

கடற்படையின் சிறப்புப் படை 1987 பிப்ரவரியில் தொடங்கியது, மார்கோஸ் என்ற பெயர் பிறகு வந்தது. ஆனால் எங்கள் பையன்களுக்கு நான் சொல்வது அதற்கு 16 வருடம் முந்தைய கதை.

1971 மார்ச்சில் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் பாகிஸ்தானின் 'மாங்ரோ' நீர்மூழ்கிக் கப்பல் நின்றிருந்தது. அதிலிருந்த வங்காள மாலுமிகள் சிலர் தப்பித்தார்கள். எட்டுப் பேர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு நம் கடற்படை, பிளாசி பக்கம் பாகீரதி ஆற்றங்கரையில் ரகசிய முகாம் போட்டது. பயிற்சிக்கு வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், கிராமத்து இளைஞர்கள். ராணுவம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். அவர்களிடம் இருந்தது ஒன்றுதான், ஆற்றங்கரையில் பிறந்ததால் வந்த நீச்சல். மணிக்கணக்கில் ஆற்றில் நீந்தவிட்டார்கள். நெஞ்சில் சுமையைக் கட்டிக்கொண்டு, சத்தமே வராமல் கால் அடிக்கப் பழக்கினார்கள். கப்பலின் அடியில் காந்தக் கண்ணிவெடியை ஒட்டிவிட்டு நீந்தி விலகுவதுதான் முழு வேலை. தாக்கும் நாளைச் சொல்ல அகில இந்திய வானொலியில் இரண்டு பாட்டு. முதல் பாட்டு வந்தால் தயாராகு, இரண்டாவது வந்தால் புறப்படு. ஆகஸ்ட் 15 இரவு விடிவதற்குள் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைமுகங்களில் கப்பல்கள் வெடித்தன.

மே மாதம் தொடங்கிய பயிற்சி, ஆகஸ்டில் நான்கு துறைமுகங்கள். கிணற்றிலும் கண்மாயிலும் குதித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை எதைச் சொல்லிக் கொடுப்பேன்?

ஆனால் இன்றைய மார்கோஸ் அவ்வளவு குறுகிய பாதை இல்லை. முதலில் ஒடிசாவின் சில்கா பயிற்சி நிலையத்தில் சாதாரண மாலுமியாகத் தேற வேண்டும். பிறகுதான் விருப்பம் தெரிவிக்க முடியும். மூன்று நாள் உடல் சோதனையிலேயே பெரும்பாலோர் காணாமல் போவார்கள். அதற்கடுத்த வாரங்களில் தூக்கம் இல்லை, சேற்றில் தவழ்தல், குளிர் தண்ணீர். தேறினால் மும்பையின் ஐஎன்எஸ் அபிமன்யு, கொச்சியின் மூழ்கு பயிற்சிப் பள்ளி, ஆக்ராவின் பாராசூட் பள்ளி. ஆகாயம், தரை, தண்ணீர் மூன்றுக்கும் ஒரே ஆள். என்னைக் கேட்டால் மூன்று படைகளில் இதுதான் கடினம். குறைந்த மூச்சில், இருட்டில், தண்ணீருக்கடியில் பதறாமல் இருப்பது ஓட்டத்தால் வருவதில்லை.

2024 மார்ச்சில் கடற்கொள்ளையர் பிடித்து வைத்திருந்த 'ரூயன்' கப்பலை மீட்டபோது, இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தள்ளி, விமானத்திலிருந்து கடலில் குதித்தார்கள். கொள்ளையர் 35 பேரும் சரணடைந்தார்கள். மாலுமிகள் 17 பேரும் காயமின்றி மீண்டார்கள்.

எஸ்எஸ்ஆர் என்ற மாலுமிப் பிரிவுக்குப் பொதுவாகக் கணக்கும் இயற்பியலும் எடுத்துப் பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே பாதி முடிவு ஆகிவிடுகிறது.

கருட்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு நேரில் பழக்கம் குறைவு. காஷ்மீரில் விமானத் தளங்களைக் குறிவைத்துத் தாக்குதல்கள் வந்த பிறகு, 2004-ல் விமானப்படை தனக்கென்று கட்டியது. தளத்தைக் காப்பது, விமானத்துக்கு இலக்கைக் காட்டிக் கொடுப்பது, விழுந்த விமானியை மீட்பது ஆகியவை முக்கிய வேலைகள். உத்தரப்பிரதேசத்தின் சாந்திநகரில் தொடங்கும் அடிப்படைப் பயிற்சி 72 வாரம் என்கிறார்கள், மூன்றிலும் நீளம் இதுதான். வயதில் சின்னது என்று குறைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்வேன். கார்ப்பரல் ஜோதி பிரகாஷ் நிராலா. 2017 நவம்பரில் காஷ்மீரின் ஹாஜின் பகுதியில் நடந்த மோதலில் உயிர் கொடுத்தவர். அவருக்கு அசோக சக்ரா கிடைத்தது. விமானப்படைக்கு ஆங்கிலத்தில் 50 சதவீதம் கேட்பார்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதனால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அக்கா கேட்டது

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒன்று கேட்டாள். "நீ அந்த கமாண்டோவுக்குப் போய்த் திரும்பி வந்தியே தம்பி, அப்ப உனக்குச் சோறு போட்டது யாரு?"

1996-ல் நடந்தது அது. வெலிங்டனில் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்திப் பழகி, மெட்ராஸ் ரெஜிமென்டில் நான்கு வருடம் முடித்திருந்தேன். பாரா ப்ரொபேஷனுக்கு விருப்பம் எழுதிக் கொடுத்துப் போனேன். பதினோராம் நாளிலிருந்து இடது கெண்டைக்கால் எலும்பில் வலி. சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்தேன். பத்தொன்பதாம் நாள் இரவு நடையில் கால் ஊன்ற முடியவில்லை. எலும்பில் விரிசல். பயிற்சி கொடுத்த உஸ்தாத் என் மூட்டையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கூடவே முகாம் வரை நடந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாளில் 'ஆர்டியூ', அதாவது பழைய பட்டாலியனுக்கே திரும்பு என்று உத்தரவு.

ரயிலில் வரும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பட்டாலியன் வாசலில் என் செக்‌ஷன் ஆட்கள் நின்றிருந்தார்கள். "வந்துட்டியா, சாப்பிட்டியா?" என்றார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதிமூன்று வருடம் அங்கேயே இருந்தேன். ஹவில்தார் ஆனேன். அந்த வருடங்களில் ஒரு நாளையும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. இந்த மூன்றுக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் தேற மாட்டார்கள். பாராவில் தேறாதவன் தன் ரெஜிமென்டுக்குத் திரும்புவான். மார்கோஸில் தேறாதவன் கப்பலுக்குத் திரும்புவான். கருடில் தேறாதவன் விமானத் தளத்துக்கு. திரும்பிப் போகிற அந்த இடத்தில் மனம் ஒப்பி வேலை செய்ய முடியுமா? பாலைவனச் சாவடியில் காவல் நிற்க, கப்பலின் என்ஜின் அறையில் மாதக்கணக்கில் அடைந்து கிடக்க, தளத்தில் ஓயாமல் பராமரிப்பு வேலை பார்க்க உன்னால் முடியுமா? எது முடியுமோ அந்தப் படைக்கு விண்ணப்பம் போடு. உயர்படை அதற்குள்ளே இருக்கிற ஒரு கதவு.

2022-லிருந்து சிப்பாய், மாலுமி நிலைகளில் அக்னிபத் வழிதான். நான்கு வருடம், முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கு நிரந்தரம். எங்கள் காலத்தில் நான்கு வருடம் கழித்து ஆற அமர விருப்பம் எழுதினோம், இவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் திரும்பும் இடத்தைப் பற்றிய இந்தக் கேள்வி முன்பைவிட இப்போது கனமானது. ஒவ்வொரு அறிவிப்பையும் முழுதாகப் படிக்காமல் எங்கேயும் பணம் கட்டாதீர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், பிளஸ் டூவோடு என்டிஏ, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதச் சொல்லுங்கள். அதிகாரியாகப் போனாலும் இந்தப் படைகளுக்கு விருப்பம் கொடுக்கலாம்.

இப்போது என் இரண்டு பையன்களுக்கு வருகிறேன். என் மருமகன் தரை ஆள். நாகமலை மேல் மணல் மூட்டையோடு ஏறச் சொன்னால் முதல் ஆளாக நிற்பான், வழியை ஒருமுறை பார்த்தால் இரவிலும் மறக்க மாட்டான். தண்ணீரைக் கண்டால் தயங்குவான். அவன் ராணுவத்துக்குப் போகட்டும். எந்த ரெஜிமென்ட் கிடைத்தாலும் முகம் சுளிக்காமல் போகட்டும். விருப்பம் கேட்கிற நாளில் பாராவுக்கு எழுதிக் கொடுக்கட்டும். கால் வலித்தால் மட்டும் மறைக்க வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அவன் கூட்டாளியின் ஓட்டம் இன்னும் ஐந்தே முக்கால் நிமிடத்தில் நிற்கிறது. ஆனால் பம்ப்செட் கிணற்றின் அடிக்குப் போய் விழுந்த வாளியை எடுத்து வருகிறவன், மேலே வந்தும் மூச்சு வாங்க மாட்டான். கணக்கு குரூப் வேறு. கடற்படைதான் அவனுக்கு. கப்பலில் இருப்பாயா என்று கேட்டேன். "கடலை நான் இன்னும் பாத்ததே இல்ல மாமா" என்றான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனை ராமேஸ்வரம் கூட்டிப் போகிறேன். முதலில் கரையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பார்க்கட்டும். பதில் அப்புறம் சொல்லட்டும்.